பேனாப்பிடி மறுபுறப் பின்கை அடிக்கான மட்டைத் தேர்வு

மேசைப்பந்தாட்டத்தில் மட்டையின் கைப்பிடியைப் பேனாவைப் பிடிப்பது போலப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து ஆடும் முறை பேனாப்பிடி எனப்படும். இப்பிடியில் ஆடுபவர், மட்டையின் பின்பக்கத்தில் ஒட்டப்பட்ட இரப்பரால் பின்கைப் பக்கம் வரும் பந்தை அடிப்பது மறுபுறப் பின்கை அடி ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனை ஆர்.பி.பி. என்றும் அழைப்பர். மரப்பு வழிப் பேனாப்பிடி ஆட்டத்துக்கு மட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் இரப்பர் இருந்தால் போதும். மறுபுற அடிக்கு இரண்டு பக்கமும் இரப்பர் தேவை. இவ்வாறு கூடும் எடையே இவ்வகை ஆட்டக்காரரின் மட்டைத் தேர்வில் முதன்மையான சிக்கலாகும்.

வரலாறு

பேனாப்பிடி நெடுங்காலம் ஆசிய ஆட்டக்காரர்களின் அடையாளமாக இருந்தது. 1961, 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து மூன்று முறை உலக ஒற்றையர் வாகையரான சீனாவின் சுவாங் செடோங் இப்பிடியில் ஆடியவர். இப்பிடியில் முன்கை அடி வலிமையாக அமையும். பந்து வழங்கும்போது மணிக்கட்டைத் தாராளமாகச் சுழற்றவும் இயலும். ஆனால் பின்கைப் பக்கத்தில் மட்டையின் அதே முன்பக்கத்தால் பந்தைத் தடுக்கவோ தள்ளவோ மட்டுமே எளிதாக முடியும். அப்பக்கத்திலிருந்து வலுவான மேற்சுழற்சி அடிப்பது கடினம். இக்குறையை ஈடுகட்ட ஆட்டக்காரர் விரைவாக நகர்ந்து சென்று முன்கையால் அடிக்க வேண்டியிருந்தது.

1980களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் கைகுலுக்கல் பிடியில் இரு பக்கமும் மேற்சுழற்சி அடிகளை ஆடி முன்னேறினர். 1989 இல் டோர்ட்முண்ட் நகரில் நடந்த உலகப் போட்டியின் ஆண்கள் குழு இறுதியாட்டத்தில் சுவீடன் சீனாவை 5–0 என்ற கணக்கில் வென்றது. பேனாப்பிடியின் காலம் முடிந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்த அச்சூழலில், மறுபுறப் பின்கை அடியைச் சீனப் பயிற்றுநர்கள் வளர்த்தெடுத்தனர்.

பன்னாட்டுப் போட்டிகளில் இவ்வடியை முறையாகப் பயன்படுத்தி முதன்முதலில் பெருவெற்றி கண்டவர் லியு குவோலியாங். இவர் முன்பக்கத்தில் சிறு புடைப்புகள் வெளித்தெரியும் இரப்பரையும் பின்பக்கத்தில் வழவழப்பான இரப்பரையும் கொண்டிருந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர், இரட்டையர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்ற இவர், 1999 இல் உலக வாகையரானார். அடுத்த தலைமுறையில் மா லின் மரபு வழித் தடுப்பையும் மறுபுற அடியையும் கலந்து ஆடினார். வாங் ஹாவ் தம் பின்கை ஆட்டம் ஏறத்தாழ முழுவதையும் மறுபுறத்துக்கே மாற்றிக்கொண்டார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஒற்றையர் இறுதியாட்டத்தில் இவ்விருவரும் மோதினர். மா லின் தங்கம் வென்றார். வாங் ஹாவ் 2009 இல் உலக வாகையரானார். பின்னர் இடக்கை ஆட்டக்காரரான சூ சின் 2013 இல் உலகக் கோப்பையை வென்றார். செருமனியின் டாங் சியு 2022 இல் ஐரோப்பிய வாகையரானதும், பிரான்சின் பெலிக்ஸ் லெப்ருன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஒற்றையரில் வெண்கலம் வென்றதும் இவ்வடி சீனாவுக்கு வெளியேயும் வேரூன்றியதைக் காட்டுகின்றன.

அடியின் இயல்பும் மட்டையும்

மறுபுற அடியின் வீச்சு குறுகியது. முன்கை அடியைப் போல இடுப்பையும் தோளையும் முழுவதும் சுழற்றி அடிக்கும் வாய்ப்பு இதில் குறைவு. முன்னங்கையும் மணிக்கட்டுமே பெரும்பாலான விசையைத் தருகின்றன. ஆகவே மணிக்கட்டு எளிதில் திருப்பக்கூடிய மட்டையே இவ்வடிக்கு ஏற்றதாகும்.

மட்டையைத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பதை அதன் மொத்த எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த எடை கையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதும் தீர்மானிக்கிறது. நிலைமத் திருப்புதிறன் தொலைவின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மட்டையின் நுனியில் கூடும் 5 கிராம் கைப்பிடியில் கூடும் 5 கிராமைக் காட்டிலும் பன்மடங்கு உணரப்படும். இரண்டாவது இரப்பரின் எடை முழுவதும் கைப்பிடிக்கு அப்பால் பலகையின் மேல் பரவியிருப்பதால் அதன் விளைவு பெரிதாகும்.

கைப்பிடியில் எடை சேர்த்துச் சமநிலைப்படுத்தலாம் என்ற கருத்தும் உண்டு. இதனால் மட்டையின் சமநிலைப் புள்ளி கையை நோக்கி நகரும். ஆனால் நுனிப்பகுதியின் எடை குறைவதில்லை. எனவே மணிக்கட்டின் சுமை இதனால் குறையாது.

எடைக் கணக்கு

கடைகளில் விற்கப்படும் இரப்பர் தாள் பலகையைவிடப் பெரியது. உறையிலிருந்து எடுத்தவுடன் அதன் எடை பெரும்பாலும் 60 முதல் 70 கிராம் வரை இருக்கும். பலகையின் வடிவுக்கு வெட்டிய பின் அது சுமார் 40 முதல் 50 கிராம் ஆகும். இரு எடுத்துக்காட்டுகள் வருமாறு:

- இலகுவான அமைப்பு: பலகை 80 கிராம், முன்பக்க இரப்பர் 45 கிராம், பின்பக்க இரப்பர் 40 கிராம், மொத்தம் 165 கிராம்.
- கனமான அமைப்பு: பலகை 90 கிராம், முன்பக்க இரப்பர் 50 கிராம், பின்பக்க இரப்பர் 48 கிராம், மொத்தம் 188 கிராம்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 23 கிராம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பகுதியிலும் 5 முதல் 10 கிராம் வரை மட்டுமே வேறுபாடு உள்ளது. பலகையையும் இரப்பர்களையும் வெவ்வேறு வேளைகளில் வாங்கும் ஆட்டக்காரர் இக்கூட்டுத்தொகையைக் கவனிக்கத் தவறுவது வழக்கமான பிழையாகும். மொத்த எடையை முதலில் முடிவு செய்து, அதற்குள் மூன்று பகுதிகளையும் பங்கிடுவது நல்லது.

கனமான மட்டை பயனற்றது என்பதில்லை. முன்கை அடியில் அது பந்துக்கு மேலும் விசையைத் தரும். எதிராளியின் வேகமான பந்தைத் தடுக்கும்போது அசையாமல் நிற்கும். ஆனால் அதே மட்டையுடன் முன்கையிலிருந்து மறுபுறத்துக்கு மாறுவதற்குள் பந்து கடந்துவிடலாம். நீண்ட பயிற்சியின் இறுதியில் மறுபுற அடிகள் தாமதமாவதும் மணிக்கட்டில் வலி தோன்றுவதும் மட்டை அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம்.

மரப்பலகை

பேனாப்பிடிப் பலகைகள் இரு முக்கிய வகைப்படும்.

சீன வகைப் பலகை வட்டத்தை ஒத்த முகமும் குட்டையான கைப்பிடியும் கொண்டது. பின்னாலுள்ள மூன்று விரல்களும் மடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதால் பின்பக்கத்தில் பந்தை அடிப்பதற்குப் போதிய இடம் கிடைக்கிறது. மறுபுற அடிக்கு இதுவே உகந்தது.

சப்பானிய வகைப் பலகை பெரும்பாலும் நீள்சதுர வடிவில், தடித்த இனோக்கி மரத்தின் ஒரே அடுக்கால் ஆனது. கைப்பிடியின் முன்புறம் ஆட்காட்டி விரலைப் பொருத்தத் தக்கை மரத்தாலான மேடு இருக்கும். பின்விரல்கள் நீட்டி வைக்கப்படுகின்றன. ஒரு பக்கம் மட்டும் இரப்பர் ஒட்டி, முன்கையால் ஓங்கி அடிப்பதற்கென அமைந்த இப்பலகை மறுபுற அடிக்குப் பொருந்துவதில்லை. எனினும் இதனைத் தாழ்ந்ததாகக் கொள்ள இயலாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் தென் கொரியாவின் ரியு சுங்-மின் இம்மரபில் ஆடியே, மறுபுற அடியில் வல்லவரான வாங் ஹாவை 4–2 என வென்றார்.

பயில்வோருக்கு 80 முதல் 86 கிராம் வரை எடையுள்ள, ஐந்து அடுக்கு மரத்தாலான சீன வகைப் பலகை ஏற்றது. இதில் பந்து சற்று நேரம் தங்கிச் செல்வதால் சுழற்சியை உணர்ந்து பழகலாம். ஏழு அடுக்குப் பலகைகள் பொதுவாகக் கூடுதல் கனமும் உறுதியும் கொண்டவை. கார்பன் முதலிய இழைகள் சேர்ந்த பலகைகள் வேகமானவை. வீச்சு இன்னும் நிலைபெறாதவர் கையில் அவை பந்தை மேசைக்கு வெளியே அனுப்பிவிடும். ஒரே பெயரில் விற்கப்படும் பலகைகளுக்கிடையிலும் சில கிராம் வேறுபாடு இருப்பதால் வாங்கும்போதே எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

புதிய பலகையின் விளிம்பு, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் படும் இடங்களில் கூர்மையாக இருக்கும். மறுபுற அடிக்காக மட்டையைத் திருப்பும்போது இவ்விளிம்பு விரல்களை அறுக்கும். ஆகவே அவ்விடங்களை உப்புத்தாளால் தேய்த்து வளைவாக்குவது பேனாப்பிடி ஆட்டக்காரரிடையே பொதுவான வழக்கமாகும். தேய்த்த மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது என்பதால், சிறிது தேய்த்துச் சில நாட்கள் ஆடிப் பார்த்த பின்னரே மேலும் தேய்க்க வேண்டும்.

பின்பக்க இரப்பர்

இக்கால இரப்பர், மேல்தாளும் அதன் கீழ் நுரைப்படையும் சேர்ந்தது. பின்பக்க இரப்பரைத் தெரிவு செய்யும்போது நான்கு இயல்புகள் கருதத்தக்கவை.

- கடினம்: ஒட்டும் தன்மையுள்ள கடினமான சீன இரப்பர்கள் நீண்ட, வலுவான வீச்சில்தான் முழுப் பயன் தரும். டபுள் ஹேப்பினஸ் நிறுவனத்தின் ஹரிகேன் 3 இவ்வகையைச் சேர்ந்தது, முன்கைக்குப் பெயர்பெற்றது. குறுகிய வீச்சுடைய மறுபுற அடிக்கு மென்மையான அல்லது நடுத்தர நுரை கொண்ட இரப்பர் எளிதில் ஈடுகொடுக்கும்.
- எடை: மென்மையான நுரை பெரும்பாலும் இலகுவானது. ஆகவே கடினம், எடை ஆகிய இரு தேவைகளும் ஒரே திசையைச் சுட்டுகின்றன.
- தடிப்பு: 1.8 முதல் 2.1 மில்லிமீட்டர் வரையான நுரை பெரும்பாலோருக்குப் போதும். மெல்லிய நுரை எடையைக் குறைத்துக் கட்டுப்பாட்டைக் கூட்டும். தடித்த நுரை வேகத்தையும் சுழற்சியையும் கூட்டும்.
- மேற்பரப்பு: மறுபுற அடியின் பயனே மேற்சுழற்சி என்பதால் வழவழப்பான மேற்பரப்பே வழக்கமாகத் தெரிவு செய்யப்படுகிறது.

உறைகளில் அச்சிடப்படும் கடின எண்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. பட்டர்பிளை நிறுவனம் தன் டெனர்ஜி 05 இரப்பருக்கு 36 எனக் குறிக்கிறது. செருமானியத் தயாரிப்புகள் பலவற்றில் 45ஐ ஒட்டிய எண்கள் காணப்படுகின்றன. அளவுகோல்கள் வேறானவை என்பதால் 36 என்பது 45ஐவிட மென்மையானது என்று கொள்ள இயலாது. ஒரே நிறுவனத்தின் இரப்பர்களுக்கிடையில் மட்டுமே இவ்வெண்கள் பொருளுடையவை.

பழைய அறிவுரைகளையும் அவற்றின் காலத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நுரையை உப்பச் செய்து மென்மையாக்கும் வேகப்பசை 2008 இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் ஆட்டக்காரர்கள் குறிப்பிட்ட இரப்பர்கள் பசையில்லாத நிலையில் வேறு விதமாக இயங்கும். 2000 இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டராக உயர்ந்ததும், 2014 இல் செல்லுலாய்டுக்குப் பதிலாக நெகிழிப் பந்து வந்ததும் சுழற்சியை ஓரளவு குறைத்தன.

இரப்பரை ஒட்டும் முறை

பின்விரல்கள் தங்கும் இடத்தில் இரப்பர் இருந்தால் பிடி நழுவும். வியர்வையால் இரப்பரும் கெடும். எனவே கைப்பிடியை ஒட்டி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுவது வழக்கம். விரல்கள் பிடிக்கும் அப்பகுதியை இரப்பரின்றி விட விதிகள் இடமளிக்கின்றன. இதனால் ஓரிரு கிராம் எடையும் குறையும். ஆனால் கைக்கு அருகிலுள்ள பகுதியே நீக்கப்படுவதால் மட்டையைத் திருப்பும் எளிமையில் பெரிய மாற்றம் ஏற்படாது.

விதிமுறைகள்

பன்னாட்டு மேசைப்பந்தாட்டக் கூட்டமைப்பின் விதிப்படி பலகையின் தடிப்பில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். நுரையுடன் கூடிய இரப்பரின் மொத்தத் தடிப்பு பசை உட்பட 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மட்டையின் ஒரு பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும். மறுபக்கம் நெடுங்காலம் சிவப்பாக மட்டுமே இருந்தது. 2021 முதல் நீலம், பச்சை உள்ளிட்ட வேறு சில நிறங்களும் ஏற்கப்படுகின்றன. ஒரு பக்கம் மட்டும் இரப்பர் ஒட்டி ஆடுபவரும் மறுபக்கத்துக்கு வேறு நிறம் பூச வேண்டும்.

மட்டையை மாற்றும் ஒழுங்கு

ஒருபக்க மட்டையிலிருந்து மறுபுற அடிக்கு மாறுபவர், முதலில் பின்பக்கத்தில் மெல்லிய, இலகுவான இரப்பரை ஒட்டி அடியைக் கற்பதும், மணிக்கட்டு பழகிய பின் தடிப்பைக் கூட்டுவதும் பொருத்தமாகும். பலகையையும் இரண்டு இரப்பர்களையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று அறிய முடியாது. ஆட்டத்தின் தொடக்கத்தைக் காட்டிலும் இறுதிப் பகுதியில் மறுபுற அடி எவ்வாறு அமைகிறது என்பதே மட்டையின் பொருத்தத்தை நம்பகமாகக் காட்டும்.

இவற்றையும் பார்க்க

- மேசைப்பந்தாட்டம்
- கைகுலுக்கல் பிடி
- நிலைமத் திருப்புதிறன்