கொழும்பு வானில் மருந்து: ட்ரோன் விநியோகத்தின் பயனும் எல்லையும்

நகரங்களில் ட்ரோன் மூலம் மருந்து அனுப்பும் யோசனை பெரும்பாலும் வேகத்தின் பெயராலேயே முன்வைக்கப்படுகிறது. மாலை வேளையில் காலி வீதி வழியாக வெள்ளவத்தையைக் கடப்பவர்களுக்கு அந்த வாதம் உடனே பிடித்துவிடும். ஆனால் இதுவரை கிடைத்துள்ள சான்றுகளுள் வலுவானது வேறொரு பயனைச் சுட்டுகிறது: விரைவில் காலாவதியாகும் அரிய பொருளை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு பல வைத்தியசாலைகள் பகிர்ந்துகொள்ள ட்ரோன் வழி செய்கிறது. அப்படியானால் கொழும்பில் அது பறக்க வேண்டிய இடம் வைத்தியசாலைகளுக்கு இடைப்பட்ட வானமே. வீட்டு வாசல் அதன் இலக்காகாது.

ருவாண்டாவில் 2016 ஒக்டோபரில் சிப்லைன் நிறுவனம் ட்ரோனில் இரத்தம் அனுப்பத் தொடங்கியது. அச்சேவை பற்றி 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, வைத்தியசாலைகளில் காலாவதியாகி வீணாகும் இரத்தக் கூறுகள் ஓராண்டில் 67 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. கேட்டவுடன் வந்துசேரும் என்ற நம்பிக்கை இருந்தால், எந்த வைத்தியசாலையும் அரிய வகை இரத்தத்தை முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைக்காது. குருதிச்சிறுதட்டுகளை எடுத்துக்கொள்வோம். 20 முதல் 24 பாகை செல்சியசில் இடைவிடாமல் அசைத்தபடி வைத்தாலும் அவை வழக்கமாக 5 நாளுக்கு மேல் தாங்கா. நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்திலிருந்து தேசிய வைத்தியசாலை, பொரளை சிறுவர் வைத்தியசாலை, களுபோவில போதனா வைத்தியசாலை ஆகியவை சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளன. சாதாரண வேளையில் மோட்டார் சைக்கிளே போதும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீதி அடைபடும் நேரத்திலும் வெள்ளக் காலத்திலும்தான் இந்தத் தடத்தில் ட்ரோனுக்கு வேலை உண்டு.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்து வாழும் முதியவர்களுக்கு வாசலிலேயே மருந்து கிடைத்தால் நல்லதல்லவா என்று கேட்கலாம். தேவை உண்மையானது; கருவி பொருந்தவில்லை. மூன்றாம் மாடிக் கதவைத் தட்டவோ, பழைய மருந்துச் சீட்டைப் பார்த்து அளவு மாறியிருப்பதைச் சொல்லவோ ட்ரோனால் ஆகாது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் தலைக்கு மேலே மின்கம்பிகள். இறக்கிவைக்க வெற்றிடமும் அரிது. பாமசிப் பையன் நடந்தே முடிக்கும் வேலை அது.

பாதுகாப்பு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. 2019 ஏப்ரல் 21 அன்று நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களில் கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் தாக்கப்பட்டது. சில நாட்களிலேயே நாடெங்கும் ட்ரோன் பறப்பதற்குத் தடை வந்தது. அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தில் மருத்துவ மாதிரிகளைக் கொண்டுசெல்லும் சேவையின் ட்ரோன்கள் இருமுறை வீழ்ந்ததால் அங்கும் அது இடைநிறுத்தப்பட்டது. துறைமுகமும் ஜனாதிபதி மாளிகையும் அருகிலிருக்க, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கு மேலே கண்டபடி பறக்க அனுமதி கேட்பது நியாயமாகாது. ஆனால் மாறாத தடம், தெரிந்த நேரம், பொறுப்பேற்கும் ஓர் அரச நிறுவனம் என்றால் கண்காணிப்பு இலகுவாகும். இலண்டனில் 2024இல் தொடங்கிய சோதனையும் இத்தகையதே: ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள கைஸ், செயின்ட் தோமஸ் வைத்தியசாலைகளுக்கிடையே இரத்த மாதிரிகள் மட்டும் பறந்தன.

2022இல் இலங்கையில் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் முடங்கின; மின்கலத்தில் ஓடும் ட்ரோன் இருந்திருந்தால் உதவியிருக்காதா என்ற கேள்வியும் எழும். ஓரளவு உதவியிருக்கும். ஆயினும் அந்த ஆண்டில் மருந்து அலுமாரிகள் வெறுமையானதற்கு முதற்காரணம் டொலர் தட்டுப்பாடு. இல்லாத மருந்தை எந்த வழியாகவும் கொண்டுவர முடியாது. ஆகவே கொழும்பில் சோதனை ஓட்டம் தொடங்குமானால், நிமிடக் கணக்குக்கு முன்பாக, காலாவதியாகி எறியப்படும் இரத்தப் பைகளின் எண்ணிக்கை பதியப்பட வேண்டும். அது குறையாவிட்டால், குறிகட்டுவானிலிருந்து படகேறியே போக வேண்டிய நெடுந்தீவுக்கு அதே பணத்தைத் திருப்புவதே பொறுப்பான முடிவு.