தீவகத்துக்கு மின்சாரம்: ஒரு முறைமையின் எல்லை விரிந்த வரலாறு

ஆய்வுப் பொருள்

சிக்கலான முறைமைகளை ஆராயப் புகும் கலாநிதிப் பட்ட மாணவர், எதை முறைமைக்குள் வைப்பது, எதைச் சூழல் என்று வெளியே விடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பின்வரும் கணிப்புகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. யாழ்ப்பாணத் தீவகத்தின் மின்வழங்கல் வரலாற்றில் இந்த எல்லை படிப்படியாக விரிந்தது என்பதும், அவ்விரிவை ஆய்வுமுறையும் பின்பற்ற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டீசல் காலம்

தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்த ஊர்காவற்றுறைப் பக்கத்துக்குப் பெருநிலத்து மின்கம்பிகள் எட்டின. கடல் பிரித்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை இலங்கை மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. மின்பிறப்பாக்கியும் கம்பியும் வீட்டு இணைப்புமே அன்று முறைமையாகக் கருதப்பட்டன. ஆனால் எரிபொருள் கடல்வழியே வர வேண்டியிருந்தது. சோளகத்தில் கடல் குழம்பினால் படகோட்டமும் தடைப்படும். ஆகவே கடலும் மின்வழங்கலின் ஒரு பகுதியாகவே இருந்தது. வரைபடத்தில் மட்டும் அதற்கு இடமிருக்கவில்லை.

கலப்பு முறைமை

ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தீவகத்தின் எழுவைதீவில் அமைந்த முன்னோடித் திட்டம் சூரியப்படல், காற்றாலை, மின்கலத் தொகுதி, டீசல் ஆகியவற்றை ஒன்றாக இணைத்தது. இத்தகைய அமைப்பில் உறுப்புகளைத் தனித்தனியே அறிந்தால் முழுமையின் நடத்தையை அறிந்ததாகாது. முகில் மறைக்கும்போது மின்கலம் நொடிப்பொழுதில் ஈடுகொடுக்க வேண்டும். டீசல் இயந்திரத்தை மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டினால் அது பழுதடையும். எப்போது எதை இயக்குவது என்ற கட்டுப்பாட்டு விதியே வடிவமைப்பின் மையமாகிறது.

அரசியலும் உள்ளே வந்தது

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின் திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்க இலங்கை அமைச்சரவை அனுமதித்தது. இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைச் சுட்டி, பணி இடைநிறுத்தப்பட்டதாக 2021 டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது: 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட்மணி மின்கலம், 2,500 கிலோவாட் தயார்நிலை டீசல். இடையில் கழிந்த மூன்று ஆண்டுகளை எந்தச் சுமைக் கணிப்பும் முன்னுரைக்காது.

ஆய்வுமுறைக்கான விளைவு

முறைமைப் பொறியியல் 1940களில் பெல் ஆய்வுகூடங்களின் தொலைபேசி வலையமைப்புப் பணிகளில் உருப்பெற்றது. 1998இல் மார்க் மேயர், தன்னாட்சியுள்ள முறைமைகள் கூடி அமையும் பெருமுறைமைகளுக்குத் தனி வடிவமைப்பு நெறிகள் வேண்டும் என்று வாதிட்டார். 2002இல் வெளியான ஐஎஸ்ஓ 15288 தரநிலை, பங்குடையோரின் தேவைகளை அறிவதை ஒரு செயன்முறையாகவே வகுத்தது. தீவகத்துக்கு இம்மூன்றும் பொருந்தும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் கூட்டம், நெடுந்தீவின் குடிநீர்த் தேவை, உதிரிப்பாகம் ஏற்றிவரும் படகு, நிதியளிக்கும் அரசு ஆகிய அனைத்தும் மாதிரியின் மாறிகளாக வேண்டும். சோளகமும் வாடையும் அடங்கிய முழு ஆண்டின் இயக்கத் தரவோடு அம்மாதிரி ஒப்பிடப்பட வேண்டும்.

முடிவு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. கலாநிதி நிலை ஆய்வுக்கு உரிய இந்தச் சிக்கல் அதன் அயலிலேயே இருக்கிறது. அங்கிருந்து தொடங்கும் ஆய்வு, தீவு மக்களிடம் தேவை கேட்பதை முன்னுரைச் சடங்காக்காமல் முதல் அத்தியாயமாக்க வேண்டும்.