ராயபுரத்துத் தண்டவாளமும் ரூட்டரும்

1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது ஓடியது ஐந்தரை அடி அகலப் பாதையில். தென் மாவட்டங்களைச் சென்னையோடு சேர்த்த தென்னிந்திய ரயில்வேயோ அதைவிடக் குறுகிய மீட்டர் கேஜில் ஓடியது. ஒரே ஊருக்குள் இரண்டு பாதைகள். ஒன்றின் வேகன் மற்றதில் ஏறாது. சரக்கை இறக்கி, மாற்றி ஏற்றத்தான் வேண்டும்.

1980-களில் கணினிகளுக்கும், ஒரே இடத்துக்குள் பல வலைகள் என்ற இதே மாதிரியான சிக்கல் வந்தது. இன்டர்நெட்டின் முகவரி முறை ஒரு நிறுவனத்தை ஒரே வலையாகத்தான் கருதியது. பல்கலைக்கழகங்களிலோ துறைக்கொரு ஈத்தர்நெட் வலை முளைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தால் வலைகளை இணைக்கும் கேட்வேக்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் முகவரிப் பட்டியல் தாங்காது. ஜெஃப்ரி மோகலும் ஜான் போஸ்டலும் எழுதி 1985 ஆகஸ்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 950 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்கு அழகான தீர்வு சொன்னது: வெளியாருக்கு ஒரே எண், உள்ளே வேண்டியபடி சப்நெட்கள் எனும் உட்பிரிவு வலைகள்.

இந்தியாவுக்கு இந்த முறை சீக்கிரமே வந்தது. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடு மத்திய அரசின் மின்னணுத் துறை தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பில், சென்னை ஐ.ஐ.டி. உட்பட எட்டு நிறுவனங்கள் முதலில் இணைந்தன. எர்நெட்டின் 144.16 என்று தொடங்கும் ஒரே முகவரித் தொகுதியைப் பல கல்வி நிறுவனங்கள் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15-இல்தான்.

ரயில்வே கடைசியில் பிரிவையே ஒழித்தது. 1992-இல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தில் பெரும்பாலான மீட்டர் கேஜ் பாதைகள் அகலமாயின. வலையமைப்பு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. பிரிவுகளை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் நின்று தகவலைக் கடத்தும் ரூட்டரை வலுப்படுத்தியது. அதுவே சரியான முடிவு என்று சொல்லவேண்டும். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் கணினியும் வாசல் கேமராவும் ஒரே கூட்டத்தில் நின்று கூச்சலிட வேண்டியதில்லை.

நடப்பது இதுதான். 192.168.1.20 என்ற கணினி, 192.168.2.30 என்ற பிரிண்டருக்குத் தகவல் அனுப்பும்முன், முகவரியின் எந்தப் பகுதி சப்நெட்டைக் குறிக்கிறது என்று சொல்லும் தன் மாஸ்க்கைப் பார்க்கிறது. அது 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒத்திருக்க வேண்டும்; மூன்றாவது மாறுவதால் பிரிண்டர் வேறு சப்நெட். இரண்டும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தாலும் நேரே அனுப்பாது, கேட்வேயாக இருக்கும் ரூட்டரிடம் கொடுக்கும். இரண்டு சப்நெட்டிலும் கால் வைத்திருக்கும் அந்த ரூட்டர், உறையை மாற்றி அந்தப் பக்கம் சேர்க்கும்.

பெரும்பாலும் தவறு நடப்பது திரும்பும் வழியில். பிரிண்டரில் கேட்வே முகவரி போடாமல் விட்டால், தகவல் அதனிடம் போய்ச் சேரும், பதில் வராது. கணினி தானாகப் பிரிண்டரைத் தேடிப்பிடிக்கும் வசதியும் இங்கே கைகொடுக்காது. அந்தத் தேடல் அழைப்பு பொதுவாக சப்நெட்டின் எல்லையைத் தாண்டாது. பிரிண்டரில் கேட்வேயைச் சரியாகப் போட்டு, கணினியில் பிரிண்டரின் முகவரியைக் கையால் தட்டச்சு செய்தால் அச்சு வந்துவிடும்.