ஒரு பாடத்தில் ‘சி’: கணித மேற்படிப்பு அதோடு முடிந்துவிடுமா?

பருவத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கணிதம் பயிலும் பல மாணவர்களின் கண்கள் முதலில் தேடுவது ஒரு பாடத்தைத்தான். அதுதான் ரியல் அனாலிசிஸ் எனப்படும் மெய்யெண் பகுப்பாய்வு. எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தில் ஏ எடுத்து, எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷனில் நல்ல புள்ளியோடு வந்தவர்களுக்கும் இதில் ‘சி’ விழுவதுண்டு. பள்ளியில் கணக்கைப் போட்டு விடை கண்டால் போதும். இங்கே ஒரு கூற்று ஏன் உண்மை என்பதை வரிக்கு வரி நிறுவ வேண்டும். அந்த மாற்றம் பிடிபடுவதற்குள் பருவமே முடிந்துவிடுகிறது.

அந்த ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டு, “மாஸ்டர்ஸ், பிஎச்டி எல்லாம் நமக்குச் சரிவராது” என்று விண்ணப்பமே போடாமல் ஒதுங்குவோர் உண்டு. குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை என்றால், அந்த முடிவு சரிதானா என்று கேட்டுப் பார்க்க வீட்டில் ஆளும் இருக்காது. உண்மையில் அந்த ‘சி’ எவ்வளவு பாதிக்கும்?

சிஜிபிஏ கணக்கு

மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. 3 கிரெடிட் கொண்ட ஒரு பாடத்தில் ‘சி’, அதாவது 2.00 புள்ளி கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மற்ற 117 கிரெடிட்டிலும் ஒரு மாணவரின் சராசரி 3.70 என்றால், மொத்த சிஜிபிஏ 3.66 ஆகிறது. இறக்கம் 0.04 மட்டுமே.

ஆனால் எல்லைக்கோட்டின் அருகில் நிற்பவருக்கு இந்த 0.04 பெரிது. முதுகலை படிக்காமல் இளங்கலையிலிருந்து நேராக முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்ல, முதல் வகுப்புத் தேர்ச்சியும் 3.67 சிஜிபிஏ-யும் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. மேலே சொன்ன மாணவர் அதை 0.01 புள்ளியில் தவறவிடுகிறார்.

அப்போதும் முதுகலை வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ-வின் வரையறைப்படி முதுகலைக்கான அடிப்படைத் தகுதி 2.50. பல்கலைக்கழகங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். ஆய்வு முறை முதுகலையில் சேர்ந்து முதலாண்டில் நல்ல முன்னேற்றம் காட்டினால், முனைவர் பட்டத்துக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பும் பல இடங்களில் உண்டு.

எந்தப் பாடம், எப்போது, பிறகு என்ன?

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கணிதப் பேராசிரியர்கள் சிஜிபிஏ-யோடு நிறுத்திக்கொள்வதில்லை. டிரான்ஸ்கிரிப்டைப் பாடம் பாடமாகப் படிக்கிறார்கள். விருப்பப் பாடத்தில் வந்த ‘சி’யை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெய்யெண் பகுப்பாய்வு, அருவ இயற்கணிதம், நேரியல் இயற்கணிதம் போன்றவை ஆராய்ச்சிக்கு அடித்தளம் என்பதால் அவற்றில் வந்த ‘சி’ கேள்வி எழுப்பும். புள்ளியியல் துறைக்கு விண்ணப்பிப்பவருக்கு நிகழ்தகவுப் பாடம் அப்படிப்பட்டது.

அந்தக் கேள்விக்கு டிரான்ஸ்கிரிப்டே பதிலும் சொல்லலாம். இரண்டாம் ஆண்டில் பகுப்பாய்வில் ‘சி’ வாங்கியவர், மூன்றாம் ஆண்டில் இடவியல், சார்புப் பகுப்பாய்வு போன்ற மேல்நிலைப் பாடங்களில் ஏ எடுத்திருந்தால், அவர் தடுமாறி எழுந்தவர் என்பது தெரிந்துவிடும். கடினமான பாடங்களைத் தவிர்த்து, சுலபமான பாடங்களால் சிஜிபிஏ-யை ஏற்றியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

வெளிநாட்டு விண்ணப்பம்

அமெரிக்காவில் இளங்கலை முடித்தவர்கள் நேராகக் கணித முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வாகும் பலருக்குக் கட்டண விலக்கோடு, துணைப் பயிற்றுநர் பணிக்கான மாத ஊதியமும் கிடைக்கிறது. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஜனவரிக்குள் வரும். பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்படும்.

சில பல்கலைக்கழகங்கள் ஜிஆர்இ கணிதப் பாடத் தேர்வின் புள்ளியையும் ஏற்கின்றன. 66 கேள்விகள் கொண்ட இத்தேர்வில் ஏறக்குறையப் பாதி நுண்கணிதம், கால்பங்கு இயற்கணிதம். டிரான்ஸ்கிரிப்டில் ஒரு குறை உள்ளவருக்கு, அடிப்படை வலுவாக இருக்கிறது என்று காட்ட இது ஒரு வழி. பிரிட்டனில் பட்டத்தின் மொத்த வகுப்பு முக்கியம். முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பின் மேல்நிலையைப் பல துறைகள் கேட்கின்றன.

மாணவர் செய்ய வேண்டியவை

முதலாவது, பாடத்தை மீண்டும் எடுக்க விதி இடம் தருகிறதா, பழைய கிரேட் டிரான்ஸ்கிரிப்டில் நிற்குமா என்பதைக் கல்விப் பிரிவில் கேட்டறிய வேண்டும். விதிமுறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மீண்டும் எடுக்க முடியாவிட்டால், அதே துறையின் அடுத்த நிலைப் பாடத்தை எடுத்து நன்றாகச் செய்வது நல்லது.

இரண்டாவது, விரிவுரையாளரைச் சந்திக்க வேண்டும். ‘சி’ வாங்கியபின் அவரது அறைக் கதவைத் தட்டப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால், “இந்த மாணவர் என் பாடத்தில் தடுமாறினார், இறுதியாண்டு ஆய்வேட்டில் தாமாகவே நிறுவல்களைக் கண்டறிந்தார்” என்று ஒரு பேராசிரியர் எழுதும் கடிதத்துக்கு, வெறும் ஏ பெற்றவரைப் பற்றிய பொதுவான கடிதத்தைவிட மதிப்பு அதிகம். அப்படி எழுத அவருக்கு மாணவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, காரணம் இருந்தால் விண்ணப்பக் கடிதத்தில் இரண்டு மூன்று வரிகளில் சொல்லலாம். வீட்டில் நோய், செலவுக்காகப் பகுதிநேர வேலை போன்றவை மறைக்க வேண்டியவை அல்ல. நடந்ததையும் பிறகு மீண்டதையும் சொன்னால் போதும். சொல்லத்தக்க காரணம் இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காமல், படித்த கணிதத்தைப் பற்றி எழுதுவதே மேல்.

உள்நாட்டில் ஆய்வு முறை முதுகலைக்கு மேற்பார்வையாளரை முதலில் தேடிக்கொள்வது வழக்கம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் பள்ளி, புத்ரா பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக் கழகம் ஆகியவற்றின் இணையத்தளங்களில் விரிவுரையாளர்களின் ஆய்வுத் துறையும் மின்னஞ்சலும் உள்ளன. டிரான்ஸ்கிரிப்டை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பக் காசு செலவில்லை. தகுதி உண்டா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும். மாணவர் தாமாகவே இல்லையென்று முடிவு கட்டிவிடக் கூடாது.