அயல்மொழிப் பள்ளியும் தமிழ் விளைச்சலும்
(யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் வரலாறு)

பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைத் தருவர். ஒன்று கட்டடங்களின் பட்டியல். மற்றொன்று தலைவர்களின் பட்டியல். எந்த ஆண்டில் எந்த மாடி எழுந்தது, எவருக்குப்பின் எவர் பொறுப்பேற்றார் என்பவை தேவையான செய்திகளே. ஆயினும் தமிழ் வளர்க்கக் கூடிய ஓர் இலக்கிய வட்டம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அப்பள்ளி தான் நின்ற மண்ணின் மொழிக்கு என்ன செய்தது? அதன் தலைவர்கள் தம் மதிலுக்கு அப்பால் எதை விட்டுச் சென்றனர்? இக்கேள்விகளை யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலங்கை வழக்கில் 'கல்லூரி' என்பது உயர்நிலைப் பள்ளியையும் குறிக்கும். சம்பத்திரிசியார் கல்லூரி என்பது கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் ஆண்கள் பள்ளியே.

மலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும்

நீலகிரியின் அடிவாரத்தில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துப் பள்ளியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். இலங்கை நமக்குத் தொலைவான நாடன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்துத் தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் நம்முடன் வாழ்கின்றன. அவர்கள் இலங்கையின் தேயிலை மலைகளில் உழைத்தவர்கள். யாழ்ப்பாணத்தின் பெரிய பள்ளிகள் அவர்தம் பிள்ளைகளுக்கு எட்டியவை அல்ல. அந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

மற்றோர் உறவும் உண்டு. சம்பத்திரிசியார் கல்லூரிக்கு அப்பெயர் வழங்கிய காலத்தில் யாழ்ப்பாண ஆயராக இருந்தவர் கிறிஸ்தோப்பர் பொஞ்சீன் அடிகளார். பிரான்சு நாட்டவரான அவர் முதலில் வந்து பணியாற்றியது நம் அடிவாரத்தை அடுத்த கோயம்புத்தூர்ப் பகுதியிலாகும். 1856இல் அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்த அவர், அதன்பின் யாழ்ப்பாணத்தில் பணி செய்தார். அவர் கோவையில் இருந்த நாளில் நீலகிரியும் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது; 1868இல்தான் தனியே பிரிந்தது.

போட்டியில் பிறந்த பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணம் பள்ளிகளின் போர்க்களமாக விளங்கியது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் குருத்துவக் கல்விக்கூடத்தைத் தொடங்கினர். மெதடிஸ்தர் ஒரு பக்கமும் ஆங்கிலிக்கர் மற்றொரு பக்கமும் பள்ளிகள் நிறுவினர். மெதடிஸ்தப் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னர் அப்பணியைத் துறந்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறர் கையிலிருந்து கற்ற கருவியைத் தம் மரபைக் காக்கப் பயன்படுத்திய முதல் பெரிய எடுத்துக்காட்டு நாவலரேயாவார்.

இத்தகைய சூழலில் 1850ஆம் ஆண்டு, ஆயர் ஒராசியோ பெத்தக்கினி காலத்தில், கத்தோலிக்கச் சிறுவர்க்கென ஆங்கிலப் பள்ளி ஒன்று யாழ்ப்பாண நகரில் எழுந்தது. சீர்திருத்தச் சபையினரின் பள்ளிகளுக்குத் தம் பிள்ளைகளை அனுப்ப விரும்பாத மக்களுக்கு அது புகலிடமாயிற்று. 1868இல் ஆயரான பொஞ்சீன், சமயப் பள்ளிகளை அந்தந்தச் சமயத்தாரே நடத்தும் உரிமைக்காக வலுவாக வாதாடியவர். 1876இல் யாழ்ப்பாணத்தில் 'பாதுகாவலன்' இதழும் வெளிவரலாயிற்று. 1881இல் பள்ளி, அயர்லாந்தின் காவல் புனிதரான பத்திரிசியாரின் பெயரைப் பெற்றது. மக்கள் நாவில் அது 'சம்பத்திரிசியார்' ஆயிற்று.

அப்பள்ளியின் முதல் நோக்கம் தமிழ் வளர்ப்பதன்று. ஆங்கிலமறிந்த கத்தோலிக்க இளைஞரை உருவாக்குவதும், அரசுப் பணிக்கும் குருத்துவத்துக்கும் ஆள் திரட்டுவதுமே அதன் நோக்கம். மற்ற சபைப் பள்ளிகளும் இதே வழியில்தான் நடந்தன. ஆயினும் விதைத்தவர் எண்ணியதை மட்டுமே நிலம் விளைவிப்பதில்லை. வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே. ஆங்கிலக் கல்வி சுவடிப் பதிப்புக்குப் பயன்படும் என்று அக்கல்விக்கூடத்தை நிறுவியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பர்லியாரில் வாழும் நமக்கு இது புதிதன்று. 1857 அளவில் கோவை ஆட்சியர் இ. பி. தாமஸ் இங்கே தொடங்கிய தோட்டத்தில் கடல் கடந்து வந்த மங்குஸ்தானும் துரியானும் கிராம்பும் வேரூன்றிக் காய்ப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வந்த இடத்து மண்ணையும் மழையையும் ஏற்றுக்கொண்ட கன்றே நிலைத்தது.

அயர்லாந்து அதிபர்கள்

அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரின் கையில் இருந்த இப்பள்ளியை ஐரோப்பிய அதிபர்கள் நெடுங்காலம் நடத்தினர். அவர்களுள் இருவர் பெயரை யாழ்ப்பாணத்தார் இன்றும் மறவாது சொல்வர். ஒருவர் 1921 முதல் 1936 வரை அதிபராயிருந்த சார்ள்ஸ் மத்தியூஸ் அடிகளார். மற்றவர் அவரைத் தொடர்ந்து 1954 வரை பதினெட்டு ஆண்டுகள் பொறுப்பு வகித்த லோங் அடிகளார்.

முப்பத்து மூன்று ஆண்டுகளை இருவரே ஆண்டனர் என்பதைக் கருத வேண்டும். ஓர் அதிபர் பத்தாண்டுக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால், அவர் சேர்த்துக்கொண்ட சிறுவன் இளைஞனாகி வெளியேறி, ஆசிரியனாகத் திரும்பி வருவதைக்கூடக் காண முடியும். பள்ளியின் ஒழுங்கும் ஆசிரியர் தேர்வும் ஊராருடன் கொண்ட உறவும் ஒரே கையில் முதிர்கின்றன. தவறுகளும் அவ்வாறே முதிரக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைமையின் நிறை குறைகளை அளக்க நீண்ட காலமே ஏற்ற துலாக்கோல்.

மதிலுக்கு அப்பால்

லோங் அடிகளார் அயர்லாந்தில் பிறந்தவர். தம் பள்ளிக்கு அவர் ஆற்றிய பணியைவிட, நகருக்கு ஆற்றிய பணியே அவரை வரலாற்றில் நிறுத்தியது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் மிக எளியது. 1933இல் க. மு. செல்லப்பா என்ற அன்பர் தம் இல்லத்திலேயே நூல்களைத் திரட்டி வாசகர்க்கு வழங்கத் தொடங்கினார். 1934இல் அது வாடகை அறை ஒன்றில் பொது நூலகமாயிற்று. நகருக்குத் தகுந்த பெருநூலகம் வேண்டும் என்ற எண்ணம் 1950களின் தொடக்கத்தில் உரம் பெற்றபோது, அம்முயற்சியின் முன்னணியில் நின்றவர்களுள் லோங் அடிகளாரும் ஒருவர்.

கட்டட வரைவுக்குச் சென்னையிலிருந்து வி. எம். நரசிம்மன் அழைக்கப்பட்டார். நூலக அமைப்புக்கு அறிவுரை கூறியவர், சீர்காழி தந்த நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதன். திராவிடக் கட்டடக் கலையின் சாயலில் எழுந்த அம்மாளிகைக்கு 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. கத்தோலிக்கத் துறவி ஒருவர், சைவர் பெரும்பான்மையினராக வாழும் நகரில், எச்சமயத்தாருக்கும் உரிய நூலகத்துக்காக உழைத்தார். போட்டிப் பள்ளிகளின் நகரில் இது சிறிய செயலன்று. தம் மாணவர்க்கு மட்டும் நூல்கள் போதும் என்று அவர் எண்ணியிருந்தால் பள்ளிக்குள் ஓர் அறையோடு நின்றிருப்பார். அந்நூலக வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்து யாழ்ப்பாணம் தன் நன்றியைக் காட்டியது.

பள்ளி தராத தமிழ்

இனிப் பள்ளியின் குறையைப் பேசுவோம். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்ற சிறுவர், 1920களில் சம்பத்திரிசியாரில் பயின்றார். ஆங்கிலத்தில் சிறந்தார், பின்னர் உரோமையில் இறையியல் கற்றுக் குருவானார். ஆனால் தமிழிலக்கியத்தை அவர் முறையாகக் கற்றது யாழ்ப்பாணத்திலன்று. 1940இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்தேழு வயது. அங்கேதான் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அமர்ந்து தமிழ் பயின்றார். பன்மொழி கற்ற குரு, தாய்மொழியின் வாயிலில் மாணவராய் நின்றார். அவரே பின்னாளில் உலகறிந்த தனிநாயகம் அடிகளார்.

இந்நிகழ்ச்சி சம்பத்திரிசியார் போன்ற பள்ளிகள் அனைத்தின்மீதும் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகும். யாழ்ப்பாணத்தில் பிறந்து யாழ்ப்பாணத்தில் பயின்ற ஒருவர், சங்கப் பாடலைத் தேடித் தென்பாண்டி நாடு வரை வர நேர்ந்தது. ஆயினும் அதே வரலாற்றுக்கு மறுபக்கம் உண்டு. பள்ளியும் குருமடமும் தந்த அயல்மொழிகளை அடிகளார் வீணாக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சங்கப் பாடல்களின் இயற்கை பற்றி ஆராய்ந்து, அவ்வாய்வை ஆங்கிலத்தில் உலகுக்குத் தந்தார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். அந்தாம் தெ புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். போர்த்துக்கீசமும் இலத்தீனும் அறியாதவர்க்கு அப்பணி கைகூடியிராது. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முதற்காரணராய் நின்றவர் அவரே.

ஆகவே, பள்ளி அவருக்குக் கருவிகளைத் தந்தது. எதற்காக அவற்றை எடுப்பது என்பதைத் தரவில்லை. அந்நோக்கத்தைத் தந்தவர் வடக்கன்குளத்துப் பண்டிதர். ஒரு மனிதர் முழுமை பெற இவ்விருவகைக் கல்வியும் வேண்டியிருந்தன.

தீயும் எஞ்சியதும்

சம்பத்திரிசியாரின் ஆசிரியர் வரிசையில் மற்றொரு துறவியையும் நினைக்க வேண்டும். தாவீது அடிகளார் என்ற அவர் பன்மொழிப் புலவர். தமிழ்ச் சொற்பிறப்பு ஆராய்ச்சியில் ஞானப்பிரகாச அடிகளாரின் வழிவந்தவர். 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகளார் உயிர் துறந்தார். ஓர் அதிபர் எழுப்ப உழைத்த நூலகம் அழிந்தபோது, அதே கல்லூரியில் கற்பித்த அறிஞரும் உடன் மறைந்தார். இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

இதற்கிடையில் பள்ளியும் பெரிதும் மாறியிருந்தது. 1945 முதல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. பயிற்று மொழியாகத் தாய்மொழி படிப்படியாக இடம்பெற்றது. 1960இல் உதவி பெறும் பள்ளிகளை அரசே ஏற்கும் சட்டம் வந்தபோது, சம்பத்திரிசியார் தனியார் பள்ளியாகவே நிற்கும் வழியைத் தேர்ந்தது. ஐரோப்பியர் வகித்த பொறுப்பு ஈழத்துக் குருமாரின் கைக்கு வந்தது. அந்நிய மொழியில் தொடங்கிய பள்ளி தமிழில் கற்பிக்கும் பள்ளியாயிற்று. போர்க்காலத்தின் இடர்களைக் கடந்தும் அது நிலைத்திருக்கிறது. நூலகமும் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. எரிந்த ஏடுகள் மட்டும் திரும்பவில்லை.

நமக்குரிய கேள்வி

இவ்வரலாறு நம் மலைக்கு என்ன சொல்கிறது? 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி முதலாக, உதகையிலும் குன்னூரிலும் ஆங்கிலவழிப் பள்ளிகள் பல உள்ளன. சமயச் சபைகள் நடத்துவனவும் அவற்றுள் உண்டு. அவற்றைப் பழிப்பதும் புகழ்வதும் எளிது. இரண்டும் வரலாறாகா. அங்கே பயிலும் பிள்ளைக்குக் கருவிகள் கிடைக்கின்றன என்பதில் ஐயமில்லை. அக்கருவிகளைத் தமிழுக்குத் திருப்பும் பண்டிதர் எங்கே இருக்கிறார் என்பதே கேள்வி.

அந்தப் பண்டிதரின் இடத்தை நிரப்பும் கடமை, பள்ளியின் மதிலுக்கு வெளியே இருக்கும் நம்மைப் போன்ற இலக்கிய வட்டங்களைச் சாரும். பத்தாண்டு கண்ட நம் வட்டம், இனிவரும் ஆண்டுகளில் மலைப்பள்ளிகளின் மாணவரைத் தம் கூட்டங்களுக்கு அழைக்கட்டும். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் அழைக்கட்டும். அதனோடு, இம்மலைப் பள்ளிகளில் தமிழ் கற்பித்த ஆசிரியர்களின் பெயரையும் பணியையும் திரட்டி ஏட்டில் ஏற்றட்டும். பள்ளி மலர்களில் அதிபர்களின் படங்கள் முதற்பக்கத்தில் இடம்பெறுகின்றன. தமிழாசிரியரின் பெயர் குழுப்படத்தின் கடைசி வரிசையில் மறைந்துவிடுகிறது. வடக்கன்குளத்துப் பண்டிதரின் பெயர் நமக்குத் தெரிவது, அவரிடம் கற்ற மாணவர் பெரியவரானதால்தான். பெரியவராகாத மாணவர்களுக்குக் கற்பித்த பண்டிதர்களையும் நாம் தேடிக் கண்டெடுக்க வேண்டும்.