பாகூர்: ஏரிக்குக் கீழே ஒரு வரலாறு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கு அது பாதி கதைதான். சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்து, டிசம்பர் தொடக்கத்தில் சோரியாங்குப்பம், கொமந்தான்மேடு பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது.

நிவாரணக் கணக்கில் நெல்லும் மாடும் இடம்பெறும். ஊரின் வயது இடம்பெறாது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டன. பாகூர்ச் செப்பேடுகள் சொல்லும் செய்தி இது. புதுச்சேரி நகரத்தில் பிரெஞ்சு வீதிகளுக்குக் கிடைக்கும் அக்கறையில் கால்வாசியாவது இந்த ஊருக்குக் கிடைக்க வேண்டாமா?

இவ்வூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் சோழரோடு ராஷ்டிரகூட அரசன் கன்னரதேவனும் வருகிறான். ஏரியைப் பராமரிக்க ஊர்ச்சபை நிலத்துக்கு இவ்வளவு நெல் என்று தண்டியதும் அங்கே பதிவாகியிருக்கிறது.

அந்த ஏரிதான் இன்றும் புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் அதற்குக் கொண்டுவருகிறது. பாகூரைக் காப்பதென்றால் கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது மட்டும் போதாது. வாய்க்காலைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, கலங்கலைச் சீராக்கும் வேலையும் அதே திட்டத்தில், அதே நிதியில் சேர வேண்டும்.