அதிர்வுத் தணிப்பி

அதிர்வுத் தணிப்பி என்பது வாகனத்தின் தொங்கல் அமைப்பில் சுருள்வில்லின் அலைவை அடக்கும் கருவி ஆகும். இது பேச்சு வழக்கில் ஷாக் அப்சார்பர் என அழைக்கப்படுகிறது. அதிர்ச்சியை உள்வாங்குவது என இப்பெயர் பொருள்பட்டாலும், மேடுபள்ளங்களின் அதிர்ச்சியை ஏற்பதில் பெரும்பங்கு சுருள்வில்லுக்கே உரியது. அதனால் எழும் ஆட்டத்தை நிறுத்துவதே தணிப்பியின் முதன்மைப் பணியாகும்.

சுருள்வில்

சுருள்வில் வாகனத்தின் எடையைத் தாங்குகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது சுருள்வில் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. ஊக்கின் விதிப்படி, அமுங்கும் தொலைவு இருமடங்கானால் எதிர்விசையும் இருமடங்காகும். சேமித்த ஆற்றலை ஏறத்தாழ முழுமையாகத் திருப்பித் தருவதால், சுருள்வில் மட்டும் இருப்பின் வாகனம் நெடுநேரம் மேலும் கீழும் ஆடும். மகிழுந்துகளில் இவ்வாட்டம் பொதுவாக நொடிக்கு 1 முதல் 1.5 முறை நிகழும்.

தணிப்பி

தணிப்பியில் எண்ணெய் நிரம்பிய உருளையும் அதனுள் நகரும் பிஸ்டனும் உள்ளன. பிஸ்டன் நகரும்போது எண்ணெய் அதிலுள்ள சிறு துளைகள், வால்வுகள் வழியே நெருக்கிச் செல்கிறது. இத்தடையால் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி, உருளையின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. வேகம் கூடினால் தடையும் கூடும். அசைவு இல்லையெனில் தடையும் இல்லை. எனவே தணிப்பியால் எடையைத் தாங்க இயலாது.

பொதுவாகத் தணிப்பி அமுங்கும்போது குறைவாகவும் நீளும்போது மிகுதியாகவும் தடை தருமாறு வால்வுகள் அமைக்கப்படுகின்றன. அமுங்கும்போது தடை மிகுந்தால் மேட்டின் அதிர்ச்சி பயணிகளைச் சென்றடையும். நீளும்போது சுருள்வில் விடுவிக்கும் ஆற்றலைக் கட்டுப்படுத்த வேண்டும். எண்ணெய் நுரைப்பதைக் குறைக்கச் சில வகைகளில் அழுத்தப்பட்ட நைதரசன் வளிமம் அடைக்கப்படுகிறது.

இணைந்த அமைப்பு

பல மோட்டார் சைக்கிள்களில் தணிப்பியைச் சுற்றியே சுருள்வில் பொருத்தப்படுவதால், இரண்டும் ஒரே உறுப்பு போலத் தோன்றும். சரக்குந்துகளின் பட்டைவில்லில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால், ஓரளவு தணிப்பு அதிலேயே கிடைக்கிறது.

தேய்மானத்தின் விளைவுகள்

எண்ணெய் கசிந்து தணிப்பி செயலிழந்தாலும், எடையைச் சுருள்வில் தாங்குவதால் வாகனம் வழக்கமான உயரத்திலேயே நிற்கும். ஆகவே பழுது எளிதில் புலப்படாது. ஆனால் ஓடும்போது சக்கரம் துள்ளி, சாலையுடன் டயரின் பிடி குறைகிறது. பிரேக்கும் திசைமாற்றியும் அப்பிடியை நம்பியே இயங்குவதால், மேடுபள்ளமான சாலையில் வாகனம் நிற்கும் தொலைவு கூடக்கூடும்.

மகிழுந்தின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டபின் அது பலமுறை ஆடினால், தணிப்பி தேய்ந்திருக்கலாம். உருளையின் மேல் படியும் எண்ணெய்க் கசிவும் டயரின் திட்டுத்திட்டான தேய்மானமும் பிற அறிகுறிகள். ஒரே அச்சின் இருபுறத் தணிப்பிகளையும் சேர்த்து மாற்றுவது வழக்கம்.